‘சேமி’ இருந்த இடம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சித்தி என்னை மேடம் என்று கூப்பிடுவாள். நான் அவளைக் கூப்பிடவே மாட்டேன். பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன்.

இது சித்தியின் ஏற்பாடு. பல வருடங்களாக அவள்தான் அங்கே கவுண்ட்டரில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரைப் பதிகிறாள். நான் படிப்பை முடித்துவிட்டுச் சேர்ந்த சின்னக் கம்பெனிதான் அந்தக் கூடத்துக்கு சாஃப்ட்வேர் எழுதித் தந்தது என்பது எங்கள் யாருக்கும் முன்பு தெரியாது. தெரிந்த அன்றே சித்தி சொல்லிவிட்டாள்.

“அங்க வந்தா சித்தின்னு வாயத் திறக்காத. உன் மிஷின் மக்கர் பண்ணா என்னைக் கேப்பாங்க. நான் மக்கர் பண்ணா உன்னைக் கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் தலைவலி.”

“இவ எங்கடி வாயத் திறந்தா?” என்றாள் அம்மா. “வீட்லயே எப்பவாவதுதான் திறக்கறா. அதுவும் கொட்டாவி விடறதுக்கு.”

சித்தி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அவள் இருப்பதால் வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. கவுண்ட்டருக்கு வந்தவர்களைப் பற்றித்தான் பேசுவாள். யாருக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வரும், யார் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார், யார் முடிவைக் கேட்க வந்துவிட்டுக் கேட்காமலே திரும்பிப் போனார். பெயர் சொல்ல மாட்டாள். முகத்தைச் சொல்வாள். சொல்லும்போது அவள் முகமும் அப்படியே ஆகிவிடும்.

என் வேலை வேறு மாதிரி. திரையில் தெரியும் பெட்டிகளையும் பட்டன்களையும் நிரல் எழுதி அடுக்குவது. அதில் முகங்கள் கிடையாது. எனக்குப் பிடித்த வேலை.

எனக்கு முன்னால் அதைச் செய்தவர் பிக்சல் அண்ணன். உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில்தான் இருக்கும். திரையின் இடது மேல் மூலையிலிருந்து வலப்பக்கம் இத்தனை பிக்சல் புள்ளி, கீழே இத்தனை புள்ளி என்று ஒவ்வொரு பட்டனுக்கும் அளந்து இடம் கொடுப்பார். கொடுத்த இடத்தில் பட்டன் உட்கார்ந்திருக்கும். எழுந்திருக்காது. திரையின் மேல் அடிக்கோலை வைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று அலுவலகத்தில் சொல்வார்கள்.

பரிசோதனைக் கூடத்தில் பெரிய மானிட்டர்கள் வாங்கினார்கள். அண்ணனின் பழைய விண்டோ அதில் ஒரு மூலையில், பெரிய உறையில் ஒட்டிய தபால்தலை மாதிரி நின்றது. எழுத்தைப் பெரிதாக்கினால் பெட்டிகள் பெரிதாகவில்லை. சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டன. மாற்றி எழுதும் வேலை எனக்கு வந்தது.

நான் இடத்தைச் சொல்லவில்லை. விதியைச் சொன்னேன். இந்தப் பெட்டி அதற்குப் பக்கத்தில். விண்டோ அகலமானால் இதுவும் அகலமாக வேண்டும். அடியில் உள்ள பட்டன்கள் ஒரே வரிசையாக, நடுவில் வர வேண்டும். பிறகு எல்லாம் தானாக அடுக்கிக்கொள்ளும். இயற்பியல் படித்தவளுக்கு அது சுகமாக இருந்தது. விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுப்பேன், எல்லாம் சேர்ந்து விரியும். தள்ளுவேன், எல்லாம் சேர்ந்து சுருங்கும். மூச்சு விடுவது மாதிரி.

அண்ணன் பின்னால் நின்று பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ பட்டனுக்குக் கால் வெச்சிருக்க.”

“என்னண்ணா?”

“ஒண்ணுமில்ல. நடக்காம பாத்துக்கோ.”

அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடி வரிசையில் மூன்று பட்டன்கள். முதலில் ‘பழைய ரிப்போர்ட்’. அடுத்து ‘சேமி’. கடைசியில் ‘அழி’. சேமித்தால் பதிவு உள்ளே போய், அடுத்த ஆளுக்காகப் பெட்டிகள் காலியாகும். அழித்தால் அடித்ததெல்லாம் போய், அதேபோலப் பெட்டிகள் காலியாகும். முதல் முறை வருகிறவருக்குப் பழைய ரிப்போர்ட் ஏது? அவருடைய போன் நம்பரை அடித்ததும் அந்தப் பட்டன் மறைந்துவிடும். அண்ணன் காலத்திலிருந்தே அப்படித்தான். அதையும் அப்படியே வைத்தேன்.

புதிய சாஃப்ட்வேரைப் போட்டு வந்த அன்று கூடத்தின் மேனேஜர் பாராட்டினார். சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நல்லாருக்கு மேடம்” என்றாள், கவுண்ட்டர் குரலில்.

பிறகு புகார் வந்தது.

அங்கே நடைமுறை இது. சித்தி பெயர், வயது, பரிசோதனை எல்லாவற்றையும் அடிப்பாள். கையில் நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கர் சுருள் இருக்கும். அடுத்த நம்பரை அடித்துச் சேமித்துவிட்டு, அந்த ஸ்டிக்கரை உரித்து ஒரு காலிக் குழாயில் ஒட்டி வந்தவரிடம் கொடுப்பாள். அவர் அதோடு ஊசி போடும் அறைக்குப் போவார். நிரம்பிய குழாய்கள் கூடையில் சேர்ந்து, மெஷின் அறைக்குப் போகும். மெஷின் அறையில் சில குழாய்களின் நம்பருக்குப் பெயரே இல்லை. ரத்தம் இருக்கிறது, ஆள் யார் என்று தெரியவில்லை. ஆளைக் கண்டுபிடித்து மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டாம் முறை குத்துப்பட்ட ஒருவர் கவுண்ட்டரில் நின்று கத்திவிட்டுப் போனார்.

எங்கள் அலுவலகத்தில் அண்ணன் சோதித்தார். நானும் சோதித்தேன். மூன்று பட்டன்களையும் மாற்றி மாற்றி அமுக்கினோம்.

“சேமி அமுக்கினா சேமிக்குது. அமுக்கலன்னா சேமிக்கல” என்று அண்ணன் மேனேஜரிடம் போனில் சொன்னார். “இதுல சாஃப்ட்வேர் என்ன பண்ணும் சார்?”

மேனேஜர் சொன்ன பதிலை அண்ணன் போனை வைத்ததும் எனக்குச் சொன்னார். கவுண்ட்டர் அம்மாவுக்கு முன்பு போலக் கவனம் இல்லையாம். அடுத்த வாரம் வேறு ஆள் போடப் போகிறார்களாம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கவுண்ட்டர் அம்மா யார் என்று அண்ணனுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் சித்தி யாருடைய முகத்தையும் பற்றிப் பேசவில்லை. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சித்தியின் எதிரில் உட்கார்ந்தேன்.

“நீ சேமி அமுக்கினியா சித்தி?”

“அமுக்கினேன்டி. விரல்ல இருக்கு. டிக்குன்னு சத்தம் கேட்டது காதுல இருக்கு.” ஒரு தலையணை உறையை எடுத்தாள். “ஆனா மிஷின் இல்லைங்குது. மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுல்ல.”

நான் கீழே விழுந்த ஒரு துணியை எடுத்துக் கொடுத்தேன்.

“அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது” என்றாள் அம்மாவைப் பார்த்து. “கதவப் பூட்டிட்டேன்னு சத்தியம் பண்ணுவாரு. போய்ப் பாத்தா திறந்து கிடக்கும். ஞாபகம் இருக்கா அக்கா? கடைசில நம்ம ரெண்டு பேரு பேரையும் மாத்திக் கூப்பிட்டாரு.”

“வாயக் கழுவு” என்றாள் அம்மா. “உனக்கு மறதியா? நான் என்னிக்கோ உடைச்ச கண்ணாடி டம்ளரை இன்னும் சொல்லிக் காட்டற.”

சித்தி சிரிக்கவில்லை. வேலை போவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் தலைக்குள் ஏதோ கழன்றுகொண்டிருக்கிறது என்று நம்பத் தொடங்கியிருந்தாள். தூங்கப் போகும் முன் அவள் வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை அண்ணனின் மேசைக்கு நானே போனேன்.

“அங்க போய் உக்காந்து பாக்கட்டுமா அண்ணா?”

அவர் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார். “நீயாவா கேக்கற? யாராவது துப்பாக்கிய வெச்சுக் கேக்கச் சொன்னாங்களா?”

“பாக்கட்டுமா?”

“போய்ட்டு வாம்மா.”

கூடத்தில் ஸ்பிரிட் வாசனை. ஒன்றோடொன்று இணைத்த இரும்பு நாற்காலிகள், ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் ஆடுவார்கள். கவுண்ட்டருக்கு முன்னால் கண்ணாடி. அதில் கை நுழையும் அளவுக்கு அரை வட்ட ஓட்டை. சித்திக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். “வாங்க மேடம்” என்றாள். கண்ணின் கீழே கருத்திருந்தது.

அவள் வேலை செய்வதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. விண்டோவைப் பார்த்திருக்கிறேன்.

போன் நம்பர், பெயர், வயது. திரையைப் பார்த்துத்தான் அடித்தாள். பெட்டிக்குப் பெட்டி மவுஸைத் தொடாமல், டாப் விசையிலேயே தாண்டினாள். மவுஸ் ஒரே இடத்தில் கிடந்தது. திரையில் அம்பு ‘சேமி’ மேல் நின்றது. காலையில் அங்கே கொண்டுபோய் வைத்தால் அதோடு சரி. எல்லாம் அடித்ததும் நிமிர்ந்து வந்தவரைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே கை மவுஸுக்குப் போகும். டிக். “வெறும் வயித்தோடதான வந்தீங்க? சரி, உள்ள போங்க.” அதற்குள் ஸ்டிக்கர் உரிந்து குழாயில் ஏறியிருக்கும்.

வந்தவர்கள் பலரும் வாடிக்கையாக வருகிறவர்கள். ஒவ்வொரு பதிவும் ஒழுங்காகப் போயிற்று. நான் என் மடியில் இருந்த கைகளைப் பார்த்தேன். ஒருவேளை உண்மையிலேயே சித்திக்கு...

பிறகு ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“முதல் தடவையா?” என்றாள் சித்தி.

“ஆமா.”

“போன் நம்பர் சொல்லும்மா.”

நம்பரை அடித்தாள். ‘பழைய ரிப்போர்ட்’ மறைந்தது. வரிசையில் ஒரு பட்டன் குறைந்ததும் மீதி இரண்டும், நான் சொல்லியிருந்த விதிப்படி, நடுவுக்கு வந்துகொண்டன. மறைந்தது நீளமான பட்டன். அதில் பாதி தூரம் ‘சேமி’ இடப்பக்கம் நகர்ந்தது. ‘அழி’யும் நகர்ந்தது. அம்பு நகரவில்லை. ‘சேமி’ இருந்த இடத்தில், அம்புக்கு நேர் கீழே, ‘அழி’ வந்து உட்கார்ந்தது.

எல்லாம் சேர்ந்து மூச்சு விட்டது மாதிரி, அழகாக.

சித்தி பெயரையும் வயதையும் அடித்துவிட்டு நிமிர்ந்தாள். அந்தப் பெண்ணின் உதடு வெளுத்திருந்தது. “எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா இருக்கும். ஊசியப் பாக்காத, ஜன்னலப் பாரு. முடிஞ்சதும் என்கிட்ட வந்து தண்ணி வாங்கிக் குடி.” டிக். பெட்டிகள் காலியாயின. ஸ்டிக்கர் குழாயில் ஏறியது. அந்தப் பெண் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

முதல் முறை வருகிறவர்கள்தான் அதிகம் பயப்படுவார்கள். பயப்படுகிறவர்களைத்தான் சித்தி அதிகம் பார்ப்பாள்.

தொண்டையைச் செருமிப் பார்த்தேன். அவள் அடுத்தவருக்குத் திரும்பிவிட்டாள். அந்தப் பெண் கதவை நெருங்கிவிட்டாள்.

“சித்தி!” என்றேன். “அந்தப் பொண்ண நிறுத்து சித்தி!”

அவ்வளவு சத்தமாக என் குரலை நானே கேட்டதில்லை. நாற்காலி வரிசையே ஆடியது. மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

“சித்தியா?” என்றார்.

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் எழுந்து நின்றேன். விளக்க ஆரம்பித்தேன். பட்டன், நடு, விதி, நகர்வது. வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. “தப்பு என்னோடது சார். நான் அடுக்கினதுதான் தப்பு” என்பதை மட்டும் முழுதாகச் சொன்னேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். “சொந்தக்காரங்களக் காப்பாத்தணும்னு நினைக்கறது தப்பில்லம்மா. ஆனா பட்டன் எங்க இருந்தா என்ன? அதுமேலயே பெருசா எழுதியிருக்கே. பாத்து அமுக்க வேண்டியதுதான? அதுக்குத்தான கண்ணு இருக்கு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

“நான் முகம் கழுவிட்டு வரேன் சார்” என்று சித்தி எழுந்து போனாள். குழாயோடு நின்ற பெண்ணும் அவள் பின்னாலேயே போனாள்.

வரிசை நீண்டது. “யாரு சார் பாப்பாங்க? வெறும் வயித்துல எவ்ளோ நேரம் நிக்கறது?” என்று ஒருவர் கேட்டார். மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சித்தியின் நாற்காலியில் உட்கார்ந்தார். “இப்ப பாருங்க” என்றார் என்னிடம்.

பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியையும் மவுஸால் தேடிப் போனார். பட்டனைப் படித்துவிட்டு அமுக்கினார். எல்லாம் சரியாகப் போயிற்று, ஆனால் மெதுவாக. யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. “அந்த அம்மா எங்க போனாங்க?” என்று ஒரு பாட்டி பொதுவாகக் கேட்டார். வரிசை முணுமுணுக்க முணுமுணுக்க மேனேஜர் வேகம் எடுத்தார். டாப் விசை கைவந்தது. அம்பை ‘சேமி’ மேல் விட்டுவைத்தால் சுலபம் என்றும் கண்டுகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் கை சித்தியின் கை மாதிரியே ஆகிவிட்டது.

அப்போது கண்ணாடிக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். கதவை அடைக்கும் உடம்பு. மீசை காதுவரை போயிருந்தது. முதல் முறை வருகிறார். நம்பர், பெயர், வயது எல்லாம் கர்ஜித்துச் சொன்னவர், கடைசியில் குனிந்து, ஓட்டைக்குள் வாயை வைத்து ரகசியமாகக் கேட்டார்.

“சார், ரொம்ப வலிக்குமா?”

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? “வலிக்காது சார். நான் மாசாமாசம் குடுக்கறேன்” என்றார் அவரும் ரகசியமாக. டிக். பெட்டிகள் காலியாயின. ஸ்டிக்கரை உரித்துக் குழாயில் ஒட்டி நீட்டினார்.

“சார்” என்றேன். “அழிஞ்சிடுச்சு.”

“எது?”

“இப்ப அடிச்சது. சேமிக்கல.”

“நான் சேமிதான் அமுக்கினேன்” என்றார் மேனேஜர். “நல்லா ஞாபகம் இருக்கு.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். மவுஸ் மேல் இருந்த தன் கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பெட்டிகள் காலியானதும் ‘பழைய ரிப்போர்ட்’ திரும்பி வந்து, பட்டன்கள் பழைய இடத்துக்கே போய்விட்டிருந்தன. அம்பு ‘சேமி’ மேல் அப்பாவியாக நின்றது.

“மறுபடி ஒரு தடவை நம்பர் சொல்லுங்க சார்” என்றார் மீசைக்காரரிடம். மெதுவாக அடித்தார். ‘பழைய ரிப்போர்ட்’ மறைந்தது. மற்ற இரண்டும் நகர்ந்தன. மேனேஜர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், ஏதாவது பிரச்சனையா?” என்றார் மீசைக்காரர். குரல் நடுங்கியது. “ரத்தம் எடுக்கவே இல்லையே இன்னும்?”

“உங்களுக்கு ஒண்ணுமில்ல சார்.”

சித்தி ஈர முகத்தோடு வந்து நின்றாள், பின்னால் குழாயோடு அந்தப் பெண்ணும். மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவளிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. நாற்காலியைக் கையால் ஒரு தட்டுத் தட்டி, அவள் பக்கம் நகர்த்திவிட்டார். “உக்காருங்கம்மா. எனக்கும் அதேதான் ஆச்சு.”

“என்ன ஆச்சு?” என்றாள் சித்தி.

“நீங்க அமுக்கினது சரி. பட்டன்தான் அடியில ஓடியிருக்கு.”

சித்தி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “அப்ப எனக்கு ஒண்ணுமில்லையாடி?”

“உனக்கு ஒண்ணுமில்ல சித்தி. உன் கைக்கு ஞாபகம் நல்லாவே இருக்கு.”

அவள் உட்கார்ந்து, நாற்காலியின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். வரிசையில் இருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்கள்.

“வேற ஆள் போடறதா இருந்தது...” என்று தொடங்கினேன்.

“அத விடுங்க” என்றார் மேனேஜர். “மொதல்ல இத நிக்க வைங்க. சொந்தம்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் அப்படி நினைக்கப் போறேன்?” போகிற போக்கில் சித்தியிடம், “மேடமாம், மேடம்” என்றார்.

அலுவலகத்தில் திருத்தியது சின்ன விஷயம். மறைந்த பட்டனின் இடத்தை மற்றவை எடுத்துக்கொள்ளக் கூடாது. அது காலியாகவே இருக்க வேண்டும் என்று ஒரு வரி. ‘அழி’யை மற்றவற்றிலிருந்து பிரித்து வலது ஓரத்துக்கு அனுப்பினேன். விண்டோ எவ்வளவு விரிந்தாலும் அது ஓரத்திலேயே நிற்கும். பிறகு விண்டோவை இழுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, அம்பை ‘சேமி’ மேல் வைத்து, கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, புதுப்புது ஆட்களைப் பதிந்து பார்த்தேன்.

அண்ணன் பின்னால் வந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“கால ஒடிச்சிட்டியா?”

“இல்லண்ணா. நடக்கும். ஆனா ஆள் நிக்கும்போது நடக்காது.”

“பரவால்ல, பேசற” என்றார். “நானும்தான் சோதிச்சேன். எனக்கும் தெரியலையே. பட்டனப் பாத்துப் பாத்து அமுக்கினா எப்படித் தெரியும்?”

மறுநாள் அதைக் கூடத்தில் போட்டேன். ஆட்கள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. மேனேஜர் ஒரு பதிவு போட்டுப் பார்க்கச் சொன்னார். நான் கண்ணாடிக்கு முன்னால், வரிசையில் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். அங்கிருந்து திரை தெரியாது.

“முதல் தடவையா?” என்றாள் சித்தி, கவுண்ட்டர் குரலில்.

“ஆமா.”

போன் நம்பர், பெயர், வயது. தெரிந்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு அடித்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வீட்டில் எத்தனையோ வருடம் பார்த்த முகம்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது வேறாக இருந்தது. என்னிடம் எதையும் கேட்காமலே எல்லாம் தெரிந்துகொள்வது போலப் பார்த்தாள்.

“ராத்திரி தூங்கினீங்களா மேடம்?”

“தூங்கினேன்.”

“பொய்.”

டிக் என்று கேட்டது. பழக்கத்தில் ஸ்டிக்கரை உரித்துவிட்டாள். குழாயை எடுக்கப் போன கை நின்றது. ஓட்டை வழியாக என் கையைப் பிடித்து இழுத்து, புறங்கையில் ஒட்டி அழுத்தினாள்.

நான் இரும்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சேமித்ததா என்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மெஷின் அறைக் கதவு திறந்தது. டெக்னீஷியன் தலையை மட்டும் நீட்டினான்.

“அக்கா, இங்க பேர் வந்திருக்கு. ரத்தத்தக் காணோமே?”